கடையில் நிற்கும் பிள்ளை

"பையன் என்ன செய்கிறார்?"

சம்பந்தம் பேசும் வீடுகளில், ஸலாமுக்கும் தேநீருக்கும் இடையில் வந்துவிடுகிற கேள்வி இது. பிள்ளையின் தொழுகையைப் பற்றிய கேள்வி இதற்குப் பிறகே வரும். சில வீடுகளில் அது வராமலும் போகும். சென்ற ஆண்டு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் அமர்ந்து, இக்கேள்விக்கு விடை சொல்லும் நிலை நமக்கு ஏற்பட்டது. நெருங்கிய உறவினர் ஒருவரின் மகனுக்காகப் பெண் கேட்கப் போயிருந்தோம். அந்தப் பிள்ளை பதினோர் ஆண்டுகளாக ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளராக நிற்பவர். அதைச் சொல்லவே வாயெடுத்தோம். ஆனால் வாயிலிருந்து வந்த வாசகம் வேறு: "ஜவுளி வியாபாரத்தில் இருக்கிறார்."

பெண்ணின் தகப்பனார் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ், நபி பெருமானாரின் தொழில்" என்றார். தேநீர் வந்தது. அதைக் குடித்து முடிக்கும் முன்பே, உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் பாட்டியார் கேட்டார்: "சொந்தக் கடையா, பாய்?" இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பின் பேச்சு மழையைப் பற்றியும், ஆதி வரதர் வைபவத்தின்போது 2019இல் ஊர் பட்ட நெரிசலைப் பற்றியும் போயிற்று. ஒரு வாரம் கழித்து, பெண் மேற்கொண்டு படிக்க விரும்புகிறாள் என்று சொல்லியனுப்பினார்கள். இதற்கு என்ன பொருள் என்பது சம்பந்தம் பேசிப் பழகியவர்களுக்கெல்லாம் தெரியும்.

அவர்கள் மறுத்தது குறித்து நமக்கு வருத்தமில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மறுக்கும் உரிமை உண்டு. அன்று முதல் நம்மைக் குடைவது நமது வாசகமே. "பட்டுக் கடையில் வேலை செய்கிறார்" என்று நேராகச் சொல்ல நமக்கு ஏன் நா எழவில்லை? நாம் சொன்னது பொய்யா? ஜவுளியும் வியாபாரமும் உண்மை. அவர் அதில் இருப்பதும் உண்மை. ஆயினும் அந்தச் சொற்களை அடுக்கிய விதத்தில் ஒரு மறைப்பு இருந்தது. அந்த மறைப்பு வேண்டுமென்றே செய்ததுதான்.

இங்கே இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்ததாக அறிஞர்கள் எழுதியுள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கூஃபா நகரில் பட்டாடை வணிகம் செய்தவர் இமாமவர்கள். ஹிஜ்ரி 150இல் மறைந்த அந்தப் பேரறிஞரின் சட்டக் கல்வியைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுகிறார்கள். அவருடைய கடையைப் பற்றிப் பேசுவது குறைவு. தம் கூட்டாளியான ஹஃப்ஸ் என்பவரிடம் சரக்கைக் கொடுத்து, அதில் ஒரு துணியில் பழுது இருக்கிறது, வாங்குபவரிடம் அதைச் சொல்லி விற்கவும் என்று கூறியனுப்பினார். கூட்டாளி மறந்துவிட்டார், துணி விற்றுப் போயிற்று, வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாமவர்கள், அந்த விற்பனையில் வந்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள்.

சரக்கில் பழுதிருந்தால் சொல்லிவிட வேண்டும் என்பது வணிகத்தின் விதி. இதைத் திருப்பிப் பார்த்தால் நம் நிலை விளங்கும். எதை மறைக்கிறோமோ அதைப் பழுது என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். நல்ல ஜரிகையை எந்த வியாபாரியும் மடித்து உள்ளே வைப்பதில்லை. அந்தப் பிள்ளையின் ஐவேளைத் தொழுகையையும், தங்கைகள் இருவருக்குத் திருமணம் முடித்து வைத்ததையும் நாம் மறைக்கவில்லை. குரலை உயர்த்தியே சொன்னோம். வேலையை மட்டும் மடிப்புக்குள் வைத்தோம். ஆகவே அந்த வீட்டார் அவரைத் தாழ்வாக எண்ணுவதற்கு முன்பே, அவருக்காகப் பரிந்து பேசப் போன நாம் எண்ணிவிட்டோம்.

இந்தத் தாழ்வெண்ணம் நம்முள் எங்கிருந்து வந்தது? மேல்நாட்டு மோகம், ஆங்கிலப் படிப்பு, சாதிச் சமூகத்தின் நிழல் என்று பிறர் தலையில் பழியைப் போட்டுவிடுவது எளிது. அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும் நூல்களைத் திறந்து பார்க்கும் நேர்மையும் நமக்கு வேண்டும்.

ஷாஃபியீ மத்ஹபின் முதன்மை நூல்களில் ஒன்றான 'மின்ஹாஜ்', ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இயற்றியது. திருமணப் பொருத்தத்தைப் பேசுமிடத்தில் அந்நூல் தொழில்களை வரிசைப்படுத்துகிறது. துப்புரவு செய்பவர், இரத்தம் குத்தி எடுப்பவர், காவலாளி, ஆடு மேய்ப்பவர், குளியல் மண்டபப் பணியாளர் ஆகியோர் தையற்காரரின் மகளுக்குப் பொருத்தமானவர் அல்லர். தையற்காரர் வணிகர் அல்லது துணி வியாபாரியின் மகளுக்குப் பொருத்தமானவர் அல்லர். இவர்கள் மார்க்க அறிஞர், நீதிபதி ஆகியோரின் மகளுக்குப் பொருத்தமானவர் அல்லர் என்று அந்த வரிசை செல்கிறது. ஹனஃபீ மத்ஹபின் 'ஹிதாயா'வில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தொன்று காணப்படுகிறது. மிக இழிவாகக் கருதப்படும் தொழில் தவிர மற்றவற்றில் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை என்பது அது. அந்த மிக இழிவான தொழில்களுக்கு எடுத்துக்காட்டாக அங்கே சொல்லப்படுவோரில் ஒருவர் நெசவாளி!

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது நெஞ்சு துணுக்குறுகிறது. தறிக் குழியில் கால் வைத்தவர்களால் பெயர் பெற்ற ஊர் இது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, இதே சின்ன காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்தவர். அவர் பிறந்த தொழில்குடியைத்தான் அந்தப் பழைய பட்டியல் கீழே வைக்கிறது.

இந்நூல்களைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. அந்த இமாம்களின் நோக்கம் வேறு. 'ஹிதாயா'வே காரணத்தையும் சொல்கிறது: மனிதர்கள் சில தொழில்களைக் கொண்டு பெருமையடிக்கிறார்கள், சிலவற்றைக் கொண்டு பழிக்கிறார்கள் என்பதே அது. அதாவது, இறைவனிடத்தில் யார் உயர்ந்தவர் என்று இமாம்கள் தீர்ப்பளிக்கவில்லை. ஊர் எப்படிப் பேசுகிறது என்று குறித்து வைத்தார்கள். ஊர்ப் பேச்சினால் ஒரு பெண் கணவன் வீட்டில் கூனிக் குறுகக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. ஆடு மேய்ப்பவரைக் கீழ் வரிசையில் எழுதிய அதே கைகளுக்கு, பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்த செய்தி தெரியாததன்று. மேலும் அதே 'ஹிதாயா' எதிர்க்கருத்தையும் பதிந்து வைத்திருக்கிறது: தொழில் ஒருவனோடு ஒட்டிப் பிறந்ததல்ல, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்கு அவன் மாறிக்கொள்ளலாம், ஆகவே அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ பொருத்தத்தை மார்க்க ஒழுக்கத்தில் கண்டார்களேயன்றித் தொழிலில் காணவில்லை.

ஊர்ப் பேச்சைக் குறித்து வைத்த ஏட்டை, ஊர்ப் பேச்சுக்கே ஆதாரமாகக் காட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. இது நியாயமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சல் அளவைக் குறித்து வைத்த சீட்டைக் காட்டி, காய்ச்சல் இருந்தாக வேண்டும் என்று வாதாடுவதைப் போன்றது இது.

நம் ஏடுகளில் மட்டும் இது இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ரோமானிய அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில், வணிகரிடம் வாங்கி உடனே விற்கும் சில்லறை வியாபாரிகளை இழிந்தோர் என்கிறார். பொய் சொல்லாமல் அவர்களுக்கு இலாபம் கிடையாது என்பது அவர் சொல்லும் காரணம். கூலிக்கு உழைப்பதையும் அவர் இழிவென்கிறார். கூலியே அடிமைத்தனத்தின் அச்சாரம் என்பது அவர் எண்ணம். ஆனால் பல நாடுகளிலிருந்து பெருமளவில் சரக்குக் கொண்டுவந்து விற்கும் பெருவணிகத்தை அவ்வளவாகக் குறை சொல்வதற்கில்லை என்று கூறிவிடுகிறார்! சிறிய அளவில் விற்றால் அழுக்கு, பெரிய அளவில் விற்றால் அது கழுவப்பட்டுவிடும். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, திரைக்குப் பின்னாலிருந்து "சொந்தக் கடையா, பாய்?" என்று கேட்ட மூதாட்டியார் சிசரோவைப் படித்தவர் அல்லர். எனினும் இருவரும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

நம்மவரான இப்னு கல்தூனும் தம் 'முகத்திமா'வில் வணிகர் குணத்தைப் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். பேரம், தந்திரம், வாய்ச்சண்டை ஆகியவற்றில் நாள்தோறும் புழங்குவதால் பெருந்தன்மை தேய்ந்துவிடும் என்பது அவர் கூற்று. ஆனால் அவர் ஒரு விலக்கும் சொல்கிறார். செல்வாக்குள்ள வணிகர்கள் இந்தத் தேய்மானத்திலிருந்து தப்புகிறார்கள். ஏனெனில் பேரத்தில் நேரே இறங்காமல் தம் முகவர்களையும் பணியாளர்களையும் இறக்கிவிடுகிறார்கள் என்பது அந்த விலக்கு. இந்த இடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தோம். முதலாளியின் பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதை அந்த மேதை ஒரே வரியில் காட்டிவிட்டார். வாடிக்கையாளரின் சுடுசொல்லைத் தம்மிடம் வராமல் வாங்கிக்கொள்ள ஒருவரை நிறுத்தி வைத்திருப்பதால்தான் கல்லாவில் இருப்பவர் புன்னகையோடு இருக்க முடிகிறது. அந்தப் புன்னகையைக் கண்டு, "எவ்வளவு தங்கமான மனிதர்" என்று சொல்லிப் பெண் கொடுக்கிறோம். சுடுசொல்லை வாங்கியவருக்குப் பெண் மறுக்கிறோம்.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் இந்தக் கேள்வியை ஆழமாகவே தொட்டிருக்கிறார். ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் கிடக்கும் பொருள்களைச் சமப்படுத்தி மக்களின் தேவையை நிறைவேற்றுவதே சில்லறை வணிகத்தின் இயல்பான பணி. அது நன்மையே என்கிறார். மிகச் சிறந்த மனிதர்களைச் சிறிது காலம் கடை நடத்தவும் சத்திரம் நடத்தவும் கட்டாயப்படுத்தினால், இத்தொழில்கள் தாயைப் போலவும் செவிலியைப் போலவும் போற்றப்படும் என்றும் சொல்கிறார். இவ்வளவும் சொன்னவர், தாம் வகுக்கும் நகரத்தின் குடிமக்கள் அத்தொழிலில் இறங்கக் கூடாது, அந்நியர்கள் செய்யட்டும் என்று விதித்துவிடுகிறார்! நன்மை என்று தெரிந்த பின்னும் தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கிறார். நம் வீட்டு முன்கூடங்களில் நடப்பதும் இதுவே.

இந்தப் பெரியார்கள் அனைவருக்கும் மேலாக நம் கண்முன் இருப்பது வேறொரு வாழ்க்கை. பெருமானார் (ஸல்) அவர்கள் வணிகராயிருந்தார்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் விலாதத்துக் காண்டத்தில் அந்த ஷாம் தேசப் பயணத்தை விரித்துப் பாடுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் நழுவிவிடுகிறோம். அன்று அவர்கள் கொண்டு சென்ற சரக்கு அவர்களுடையதன்று, முதலும் அவர்களுடையதன்று. கதீஜா (ரலி) அம்மையாரின் சரக்கை, அம்மையாரின் சார்பில் எடுத்துச் சென்று விற்றுத் தந்தார்கள். அதற்கு ஊதியமாகவோ இலாபப் பங்காகவோ கிடைத்ததைப் பெற்றுக்கொண்டார்கள். "சொந்தக் கடையா?" என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால் விடை என்னவாயிருந்திருக்கும்? சரக்குக்குச் சொந்தக்காரரான அந்த அம்மையாரே, பிறர் சரக்கை விற்றவரின் நாணயத்தைக் கண்டு, தாமே முன்வந்து மணம் பேசியனுப்பினார்கள். இந்த நிக்காஹைப் பற்றி நம் திருமண மேடைகளில் குத்பாவுக்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்பும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பிய செய்தியும் அனைவரும் அறிந்ததே. ஆட்சிப் பணியைப் பார்ப்பதற்காக அவருக்குப் படி நிர்ணயித்து, தோழர்கள்தாம் அவரைத் தடுக்க வேண்டியிருந்தது.

ஏடுகளை இங்கே நிறுத்திக்கொண்டு, அந்தப் பிள்ளை நிற்கும் இடத்துக்கு வருவோம்.

காஞ்சிபுரத்தின் பழைய பட்டுக் கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையே கடை. வாங்க வந்தவர் மெத்தையில் அமர்வார். விற்பவரும் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, சேலையை மடி மடியாகப் பிரித்துக் காட்டுவார். இருவரின் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. பிறகு கண்ணாடிப் பெட்டிகளும் உயர்ந்த மேசைகளும் வந்தன. வாடிக்கையாளருக்கு நாற்காலி வந்தது. விற்பவருக்கு நிற்கும் நிலை வந்தது. கடை அழகாயிற்று; ஆனால் விற்பவரிடம் இருந்த ஏதோ ஒன்று பறிபோயிற்று. காலை ஒன்பதரை மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை சாத்தும் வரை, மதிய உணவுக்கும் தொழுகைக்கும் போக மீதி நேரமெல்லாம் கால்மேல்தான். கூட்டமில்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்திருந்தால் கடை மந்தமாகத் தோன்றுமாம்.

இதை மாற்ற ஒரு சட்டம் தேவைப்பட்டது. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறை வசதிக்காகவும், உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். அதன் பயனாக 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். இங்கிலாந்தில் கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டுமென்று சட்டம் வந்தது 1899இல். அங்கிருந்து இங்கே வந்து சேர அந்த நாற்காலிக்கு நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. எச்.ஜி. வெல்ஸ் என்ற பேர்பெற்ற எழுத்தாளர் சிறு வயதில் துணிக்கடையில் பயிற்சிப் பையனாக நின்று அல்லற்பட்டவர். அந்தக் கசப்பையே பின்னாளில் நாவலாக்கினார். நம்மிடையே 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' படம் ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் வாழ்வைக் காட்டியது. பலரும் பார்த்துக் கண் கலங்கினார்கள். பண்டிகை வந்ததும் அதே தெருவுக்குப் போய் அதே பிள்ளைகளிடம், "சீக்கிரம் எடுத்துப் போடு" என்றார்கள்.

ஒரு நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலேயே அந்த இழிவெண்ணத்தின் ஆழம் தெரிகிறது. நாற்காலியின் விலை ஒரு சாதாரணப் பட்டுச் சேலையின் விலைக்கு எந்த வகையிலும் ஈடாகாது. ஆகவே தடையாயிருந்தது பணமன்று. நம் எதிரில் அவர் உட்காருவதா என்ற எண்ணமே. அந்த எண்ணம் முதலாளிக்கு மட்டும் இருந்ததென்றும் சொல்லிவிட முடியாது. அது வாங்க வந்த நமக்காக அவர் ஏற்படுத்திய ஏற்பாடு.

அந்தப் பிள்ளையின் கடையில் ஒருநாள் பிற்பகல் முழுதும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். ஒரு குடும்பம் வந்தது. தாய்க்கு அரக்கு நிறம் வேண்டும், மகளுக்கு மயில் கழுத்து நிறம் வேண்டும், பாட்டிக்கு எதிலும் திருப்தியில்லை. பிள்ளை நாற்பது சேலைகளுக்கு மேல் விரித்தார். கோர்வைக் கரை எது, உடலோடு சேர்த்தே நெய்த கரை எது என்று விரலால் தொட்டுக் காட்டினார். முந்தானையைத் தனியே நெய்து உடலோடு பிணைக்கும் 'பிட்னி' இணைப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றி, அதன் மேல் பொன் முலாம் பூசிய ஜரிகை எப்படியிருக்கும், செம்பு கலந்தது எப்படியிருக்கும் என்று இரண்டையும் அருகருகே வைத்து விளக்கினார். வைர ஊசி, முத்துக் கட்டம், மல்லி மொட்டு என்று கோலங்களின் பெயரைக் குழந்தைகளின் பெயரைப் போல் சொன்னார். இறுதியில் பாட்டியம்மாள் எழுந்து, "ஒன்றும் சரியில்லை" என்று சொல்லி நடந்துவிட்டார். வந்தது முதல் போனது வரை அக்குடும்பத்தில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டுமே பார்த்தார்கள். நாற்பது சேலைகளையும் பழைய மடிப்பின் வரியிலேயே மடித்து அடுக்க அவருக்கு அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. மடிப்பு மாறினால் பட்டு அந்த இடத்தில் விட்டுப் போகுமாம்.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டோம்.

"வராமல் இருக்குமா, மாமா? ஆனால் அந்தப் பாட்டியம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நிறம் பிரிந்து தெரியாததை வெளியில் சொல்லக் கூச்சம். அதனால்தான் எல்லாவற்றையும் குறை சொன்னார்கள்" என்றார்.

அவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். இந்தக் கல்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுப்பதில்லை. அதனால் சம்பந்தம் பேசுமிடத்தில் சொல்லிக்கொள்ளவும் முடிவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கடைச் சிப்பந்திகள் அனைவரும் நாணயமானவர்கள் என்று நாம் சாதிக்கவில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதும், கலப்பு ஜரிகையைச் சுத்த ஜரிகை என்பதும், தரகர் கூட்டி வந்த வெளியூராரிடம் விலையை ஏற்றிச் சொல்வதும் இந்த ஊர் வீதியில் நடக்காதவை அல்ல. காஞ்சிப் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பின்னும் அவை முற்றாக நின்றுவிடவில்லை. சிசரோ சொன்ன பொய் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பொய்யின் இலாபம் யாருடைய கல்லாவுக்குப் போகிறது? பொய்யைச் சொன்ன வாய்க்கு மாதச் சம்பளம். பொய்யினால் வந்த பணத்துக்கு வேறு கை. பழியை மட்டும் வாய்க்குரியவனிடம் கொடுத்துவிட்டுப் பணத்துக்குரியவரை "ஹாஜியார்" என்றழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். அல்லாஹ் அளவை மோசக்காரர்களைக் கண்டித்துத் தனி அத்தியாயமே அருளியிருக்கிறான். அந்தக் கண்டனம் தராசைப் பிடிக்கும் கையோடு நின்றுவிடுவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் போலும். மேலும், உன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஒருவனிடம் நாள்தோறும் நடந்து காட்டினால், அவன் தன் சொல்லைக் காத்து என்ன பயன் என்று நினைக்கத் தொடங்குவான். அந்த நினைப்புக்கு இடம் கொடாமல் பதினோர் ஆண்டுகள் நிற்பவர்கள் இருக்கிறார்களே, அதுவே வியப்பு.

இங்கே நம் சமுதாயத்துக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. நம் குடும்பங்களில் எத்தனை குடும்பங்களின் செல்வம், நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறிய ஒரு பையனிடமிருந்து தொடங்கியது! பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் உறவினர் கடையில் மூட்டை தூக்கி, கடை பெருக்கி, இரவில் கடைப் பலகைமேல் படுத்துறங்கி, பத்தாண்டுக்குப் பின் பங்காளியாகி, பிறகு முதலாளியானவர்கள் நம் பாட்டன்மார். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அவர்களுடைய படங்களில் துருக்கித் தொப்பியும் கோட்டும் இருக்கின்றன. கையில் துடைப்பம் பிடித்த காலத்தை யாரும் படமெடுக்கவில்லை. அந்தப் படத்தின் கீழே அமர்ந்துதான், "கடையில் வேலை செய்கிற பையனா?" என்று கேட்கிறோம்.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறுப்பதற்கில்லை. அன்றைய கடைப் பையனுக்குப் பங்காளியாகும் வழி திறந்திருந்தது. முதலாளியும் அவனும் ஒரே தாலத்தில் உண்ட கடைகளும் இருந்தன. உங்கள் ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட நபிமொழி அங்கே ஓரளவேனும் நடைமுறையில் இருந்தது. இன்றைய பெரிய கடைகளில் நிற்கும் பிள்ளைக்குப் பங்காளியாகும் வழி அடைபட்டிருக்கிறது. பெண் வீட்டார் அஞ்சுவதில் அந்த அளவுக்கு நியாயமுண்டு. மகளுக்கு நாளை வீடு வேண்டும், மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று தகப்பன் கணக்குப் பார்ப்பதை இழிவெண்ணம் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். வருவாய் போதாது என்று சொல்லுங்கள். அது ஒரு காரணம், அதற்கு விடை தேடலாம், முதலாளியிடம் போய்ப் பேசலாம். ஆனால் அந்தச் சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் அவருடைய சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. சொந்தக் கடையா என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது. சொந்தக் கடைக்காரருக்குக் கடன் எவ்வளவு என்றுகூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதும் நாம் மட்டும் எந்த வகையில் மேலானவர்? அவருக்கு உதவப் போய், அவருடைய வேலைக்கு வேறு பெயர் சூட்டியவர்கள் நாம். நாம் சொன்ன வாசகத்தை அவரிடம் மறைக்க மனமில்லாமல் பின்னர் சொல்லிவிட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீர்கள், மாமா. ஆனால் வாப்பா சாகும்வரை, என் மகன் பட்டுக் கடையில் நிற்கிறான் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்" என்றார். நமக்கு மறுமொழி இருக்கவில்லை.

சென்ற மாதம் வாலாஜாபாத்திலிருந்து வேறொரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தாய்மாமன் தொலைபேசியில் பேசினார். பையன் என்ன செய்கிறார் என்று கேட்டார். "காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறார். சொந்தக் கடையன்று. நாள் முழுதும் நிற்கிற வேலை" என்றோம், சம்பளத்தையும் சொன்னோம். அந்தப் பக்கம் சற்று நேரம் ஓசையில்லை. இணைப்பு துண்டித்துவிட்டதோ என்று எண்ணினோம். பிறகு அவர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவார்களா? முகூர்த்த நாட்களில் கூட்டமாயிருக்குமே, அப்போதும் விடுவார்களா?"

அது நமக்குத் தெரியவில்லை. முதலாளியை நாளை காலை பார்ப்பதாக இருக்கிறோம். நாற்காலியைப் பற்றியும் கேட்க வேண்டும்.